விறகடுப்பு வாய்க்கு முன்னால் எவ்வளவு தளம் போட வேண்டும்?

கேட்டவரின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஓட்டு வீடு. கொல்லைப்புறத்தில் கீற்றுச் சார்ப்பு இறக்கியிருக்கிறார்கள். கேஸ் செலவைக் குறைக்க, புகைபோக்கியோடு வரும் ரெடிமேட் இரும்பு விறகடுப்பு ஒன்றை வாங்கி, செங்கலால் மாடம் கட்டி அதற்குள் செருகப் போகிறார்கள். தரையில் ஏற்கெனவே வைட்ரிஃபைடு டைல்ஸ். அடுப்பு வாய்க்கு முன்னால் ஒரு கிரானைட் பலகை போட்டால் போதுமா, எவ்வளவு நீளம் அகலம் வேண்டும், மேலே கீற்று இருப்பது ஆபத்தா என்பவைதான் கேள்விகள்.

முதலில் நேரடியான பதில். கிரானைட் பலகை போதாது. வாயிலிருந்து மூன்றடி நீளம், நாலடி அகலத்துக்குச் செங்கல் தளம் போடுங்கள். கீற்றை இறக்காமல் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

அடுப்புக்கு முன்னால் தீப்பிடிக்காத தளம் வேண்டும் என்பதைக் கணக்கெடுத்து எழுதி வைத்திருப்பவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் வீட்டில் தரையே மரம். அதை ஒட்டித்தான் கணப்பு, அதாவது குளிர்காயச் சுவரில் கட்டிய அடுப்பு, எரிகிறது. அமெரிக்கக் கட்டட விதிப்படி, கணப்பின் வாய் 6 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் முன்னால் 16 அங்குலம், இரண்டு பக்கமும் 8 அங்குலம் தளம் நீண்டிருக்க வேண்டும். வாய் அதைவிடப் பெரிது என்றால் 20 அங்குலமும் 12 அங்குலமும். தளத்தின் கனம் குறைந்தது 2 அங்குலம். அடுப்பின் வாய் தளத்திலிருந்து 8 அங்குலமாவது உயர்ந்திருந்தால் மட்டும் கனத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கணப்புக்குள் செருகுகிற இரும்பு அடுப்பு என்றால், தயாரித்தவர் கையேட்டில் இதைவிடக் கூடுதலாகக் கேட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். உங்கள் அடுப்போடு அப்படி ஏதாவது தாள் வந்திருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்துப் பாருங்கள்.

இந்த அளவைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் கொத்தனார்கள் சிலர் ஒன்றரை அடி போதும் என்பார்கள். அங்கேதான் இடிக்கிறது. அந்த 16 அங்குலம், கட்டையை முழுசாக உள்ளே வைத்து எரிக்கிறவர்களுக்கு. வெளியே வந்து விழக்கூடியது ஒரு பொறியோ சின்னக் கங்கோதான். நாம் அப்படியா எரிக்கிறோம்? தென்னை மட்டையை முழு நீளத்துக்கு நுனியை மட்டும் உள்ளே விட்டு, எரிய எரியத் தள்ளிக்கொண்டே போகிறோம். சவுக்குக் கொம்பும் அப்படித்தான், பருத்திமாரும் அப்படித்தான். அரை அடி உள்ளே, மீதி இரண்டு மூன்று அடி வெளியே. உள்ளே இருக்கிற பாகம் எரிந்து எடை குறைந்ததும் வெளிப்பக்கம் கனத்துச் சாய்கிறது. அடுப்பின் உதட்டில் தாங்கி நின்ற மட்டை எகிறி, கனல் முனை மேலே கிளம்பி, மொத்தமும் தரைக்கு வருகிறது. வீட்டுக்காரம்மா உள்ளே போய் ஒரு ஃபோனை எடுத்துப் பேசிவிட்டு வருவதற்குள் இது நடந்துவிடும். அதனால் நம் அடுப்புக்குத் தளத்தின் நீளத்தை முடிவு செய்ய வேண்டியது வாயின் அளவை வைத்து அல்ல, விறகின் நீளத்தை வைத்து.

கணக்கு இப்படி வரும். விறகை இரண்டடிக்கு மேல் விடாமல் வெட்டிக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழுக்கட்டையும் வெளியே நழுவினால் வாயிலிருந்து இரண்டடி வரை கிடக்கும். தணலை இழுத்துவிடும்போதும், கட்டையைத் தட்டி அணைக்கும்போதும் உருண்டு வருவதற்கு இன்னும் ஓர் அடி. ஆக மூன்றடி. அகலத்துக்கு, வாய் 8 அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் 20 அங்குலம் விட்டால் நாலடி. விறகை வெட்டச் சோம்பல், முழு மட்டையைத்தான் விடுவேன் என்றால் தளமும் ஐந்தடி ஆறடி நீள வேண்டும். அரிவாளை எடுத்து மட்டையை மூன்று துண்டாக்குவது அதைவிடச் சுலபம்.

சரி, எதில் போடுவது?

கிரானைட் பார்க்க அழகு, துடைக்கச் சுலபம். விழுகிற ஒன்றிரண்டு கங்குகளைத் தாங்கும். ஆனால் சோற்றை வடித்து இறக்கிய பிறகு தணலை வெளியே இழுத்துக் குவித்து அதன்மேல் பால் சட்டியை வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தக் குவியலுக்கு நேர் கீழே கல் சூடாகிறது, சுற்றிலும் குளிர்ந்தே இருக்கிறது. சூடான இடம் விரியப் பார்க்கிறது, சுற்றி இருப்பது விடுவதில்லை. மயிரிழை விரிசல் விழுகிறது. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் சட்டென்று உப்பும் குணம் உள்ளது. அதனால் தீ நேரே படும் இடத்தில் கிரானைட் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கடப்பாக்கல் அடுக்கடுக்கான கல், ஈரத்தைக் குடித்திருந்தால் ஏடு பிரிந்து எழும்பும். வைட்ரிஃபைடு டைல்ஸுக்கு வேறு சிக்கல். ஒட்டியவர் அடியில் கலவையை முழுக்கப் பரப்பாமல் ஐந்து இடத்தில் உருண்டை வைத்து அமுக்கியிருப்பார். உள்ளே காற்று நிற்கும். சூடு பட்டதும் 'டப்' என்று எழும்பும். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் எழும்பினால் அதன் மேல் கொதிக்கிற உலை இருந்தால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெறும் சிமென்ட் பூச்சும் வேண்டாம். 300 டிகிரிக்கு மேல் போனால் சிமென்ட் கான்கிரீட் பலம் இழக்கத் தொடங்கும். 400, 500 டிகிரி பார்த்த இடத்தில் அதற்குள் இருக்கும் சுண்ணாம்புச் சத்து நீரை இழந்துவிடும். பிறகு மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து உப்பிப் பொடியாக உதிரும். நம் ஊர் அடுப்படிகளில் சிமென்ட் போட்ட அடுப்பு வாய் ஒரு ஐப்பசி தாண்டியதும் மாவாகக் கொட்டுவதற்கு இதுவே காரணம். சாம்பல் செங்கல் என்று இப்போது மலிவாகக் கிடைக்கிறதே, அந்த ஃபிளை ஆஷ் கல்லும் சூளையில் சுட்டது அல்ல. சிமென்டோ சுண்ணாம்போ கலந்து இறுகியது. சுவருக்கு நல்லது, அடுப்புக்கு வேண்டாம்.

நன்றாக வெந்த நாட்டுச் செங்கலே இதற்குப் போதும். அது ஏற்கெனவே சூளையில் நெருப்பைப் பார்த்து வந்தது. ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். மொக்கையாகச் சத்தம் வந்தால் வேகாத கல், ஒதுக்கிவிடுங்கள். அடுப்பின் வாய் உதட்டுக்கும், தணலை இழுக்கிற முதல் ஓர் அடிக்கும் மட்டும் பெருஞ்சூட்டைத் தாங்கும் தீச்செங்கல் வைத்தால் இன்னும் நல்லது. அது எங்கே கிடைக்கும் என்று வலையில் தேட வேண்டாம். உங்கள் பக்கத்து மாடர்ன் ரைஸ் மில்லில் பாய்லர் பார்ப்பவரைக் கேளுங்கள். உமி எரிக்கிற அந்த பாய்லருக்குள் உறையாக இருப்பது தீச்செங்கல்தான். அவர்களுக்குக் கடையும் தெரியும், பதிக்கிற ஆளும் தெரியும். கொஞ்சம் கல் போதும் என்பதால் மீந்ததையே கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

இனி போடுகிற முறை. டைல்ஸுக்கு மேலேயே தளத்தைக் கட்டாதீர்கள். தளம் வரும் இடத்தில் டைல்ஸைக் கட்டர் வைத்து அறுத்து எடுங்கள். கீழே கான்கிரீட் உடையாமல் உறுதியாக இருந்தால் அதன்மேல் தொடங்கலாம். வெறும் மண் என்றால் முக்கால் அடி வரை தோண்ட வேண்டும். ஏனென்றால் நம் பக்கத்து மண் பொல்லாதது. மழையில் உப்பும், சித்திரை வைகாசியில் பாளம் பாளமாக வெடிக்கும். வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள்; அதே களிதான் உங்கள் கொல்லையிலும் இருக்கிறது. அதன்மேல் நேராகக் கல்லைப் பரப்பினால் இரண்டே கோடையில் தளம் வளைந்துவிடும். அதனால் தோண்டிய குழியில் மணலைப் போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குங்கள். மணல் மெத்தை களிமண்ணின் ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கீழிருந்து ஈரம் ஏறுவதையும் குறைக்கும். ஈரம் ஏறிய தளத்தின் மேல் தணல் விழுந்தால் உள்ளே நீராவி அடைபட்டுக் கல் வெடிக்கும், அதற்காகத்தான் இந்தப் பாடு.

மணலுக்கு மேல் ஒரு வரி செங்கல் படுக்கையாக, அதற்கு மேல் ஒரு வரி குத்துக்கல்லாக, அதாவது கல்லை நீள ஓரத்தில் நிறுத்தி. பன்னிரண்டு சதுர அடிக்குப் படுக்கை வரிக்கு 43 கல்லும், குத்துக்கல் வரிக்கு 64 கல்லும் பிடிக்கும். உடைசலோடு சேர்த்து 125 சொல்லி வையுங்கள். இணைப்புக்குச் சிமென்ட் வேண்டாம். சலித்த களிமண்ணும் மணலும் கலந்த சேறோ, சுண்ணாம்பும் செங்கல்பொடியும் கலந்த சுர்க்கிக் கலவையோ போதும். சந்து கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் அதில் கங்கு உட்கார்ந்து புகையும், அதனால் நெருக்கி வைக்கச் சொல்லுங்கள். மேல்மட்டம் டைல்ஸைவிடக் குறைந்தது ஒன்றரை அங்குலமாவது உயரட்டும். மூன்று ஓரத்திலும் ஓர் அங்குல உயரத்துக்கு வரம்பு மாதிரி ஒரு விளிம்பு எடுங்கள். உருளுகிற கங்கை அந்த விளிம்பு நிறுத்திவிடும். செலவில்லாத வேலை, ஆனால் கேட்காவிட்டால் எந்தக் கொத்தனாரும் எடுக்க மாட்டார். கால் தடுக்கும் என்பார். தடுக்கட்டும், அங்கே அடுப்பு இருக்கிறது என்று காலுக்குத் தெரிவது நல்லதுதான்.

சாணி மெழுகலாமா என்று அம்மா கேட்பார்கள். மெல்லிசாக மெழுகலாம். வைக்கோல் கலந்து கனமாக அப்பக் கூடாது, அது காய்ந்த பிறகு ஊதுவத்தி மாதிரி உள்ளுக்குள் கனிந்துகொண்டே போகும்.

மாடத்துக்குள் இரும்புக் கூட்டைச் செருகும்போது செங்கலை அதை ஒட்டி இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். இரண்டடி இரும்பு 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். இடமில்லாவிட்டால் செங்கலைப் பிளந்துகொண்டு நீளும். சுற்றிலும் ஒன்றரை அங்குலம் விட்டு, முன்விளிம்பை மட்டும் உமி கலந்த களிமண்ணால் மூடுங்கள். உமி எரிந்துபோய் நுண்ணிய ஓட்டைகள் மிஞ்சும், சூடு வெளியே வராமல் அவை தடுக்கும். கூடு விரியவும் அந்தப் பூச்சு நெகிழ்ந்து கொடுக்கும். விரிசல் விட்டால் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

நின்றுகொண்டு சமைக்க மேடை அடுப்பாகக் கட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? முன்பக்கம் வைத்தால், மேடையை மூன்றடி நீட்ட முடியாது, நீட்டினால் பானைக்குக் கை எட்டாது. நீட்டாவிட்டால் நழுவுகிற கொள்ளி நேராகச் சமைப்பவர் கால் மேலோ புடவை மேலோ விழும். இதற்கு ஒரே நல்ல வழி, வாயைப் பக்கவாட்டில் வைப்பது. சமைப்பவர் நீளப் பக்கத்தில் நிற்கட்டும், விறகு குறுகிய பக்கத்திலிருந்து போகட்டும், மேடை அந்தத் திசையில் மூன்றடி நீளட்டும். கொடி அடுப்பும் இதோடு ஒத்துப்போகும். தாய் அடுப்பின் அனல் உள்வழியாகக் கொடிக்குப் போவதால் அங்கே விறகு வைக்கிற வாயே கிடையாது, தனித் தளமும் தேவையில்லை. மேடைக்குக் கீழே காலி இடம் இருக்கிறதே என்று விறகையும் வறட்டியையும் அடுக்குவதைத் தடை செய்யுங்கள். பிளைவுட், பிவிசி அலமாரி எதுவும் அங்கே வேண்டாம். மேடைப் பலகை மூன்று அங்குல கான்கிரீட் என்றால், அடுப்புக்கு அடியில் இரண்டு வரி செங்கல் வைத்து, கீழ்வரியில் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் காற்று ஓட வழி செய்யுங்கள். ஒரு மணி நேரம் எரித்த பிறகு பலகையின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றினால் இன்னொரு வரி கல் வேண்டும்.

பழைய வீட்டு மாடியில் அடுப்பு வைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கும்பகோணம், தஞ்சாவூர் பழைய மச்சு வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் எனப்படும், மரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தளத்தின் அடியில் இருப்பது தேக்கு உத்திரமும் கட்டையும். வருஷக்கணக்கில் சூடு குடித்த மரம், புதுமரம் பற்றுகிற சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். மேலே தளம் நன்றாகத்தான் இருக்கும், அடியில் கருகிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அங்கே விறகடுப்பே வேண்டாம்.

இனி கீற்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். தீ தொடங்கியது சமையற்கட்டின் கீற்றில். டெல்டாவில் இருந்துகொண்டு, கீற்றுக்கு அடியில் விறகடுப்பு வைக்கலாமா என்று இதற்குப் பிறகும் யோசிக்க என்ன இருக்கிறது? 'எங்க பாட்டி காலத்திலிருந்து கீற்றுக் கொட்டகையிலதான் சமைச்சாங்க' என்பார்கள். சமைத்தார்கள்தான். கோடை தவறாமல் தெருவே எரிந்ததும் அந்தக் காலத்தில்தான். அடுப்புக்கு மேலும் சுற்றிலும் கீற்றை இறக்கிவிட்டுத் தகரமோ ஓடோ போடுங்கள். சிமென்ட் ஷீட் வேண்டாம், தீ பட்டால் வெடித்துத் தெறிக்கும். தகரம் சுடும் என்பது உண்மை. உயரத்தை ஓரடி கூட்டி, மேல்பக்கம் காற்று போக வழி விட்டால் சமாளிக்கலாம். அடைப்புக்கு வைத்த கீற்றுத் தட்டியையும் எடுங்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது வாய் மேற்கு பார்த்திருந்தால் பொறியும் சாம்பலும் திரும்ப வெளியே ஊதும், அதனால் அந்தத் திசையையும் தவிருங்கள்.

மரக்கதவு, நிலை, பரண் எதுவாக இருந்தாலும் இரும்பு அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளியிருக்க வேண்டும். தள்ள முடியாத நிலைக்கட்டை என்றால், நடுவே ஒரு ஜிஐ தகடு அடியுங்கள். மரத்தை ஒட்டி அல்ல, ஓர் அங்குலம் தள்ளி, கீழும் மேலும் திறந்த மாதிரி. தகடுக்குப் பின்னால் காற்று ஏறிப்போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். புகைபோக்கிக் குழாய் கூரையைத் துளைக்கிற இடத்தில் ரீப்பர், பனங்கை போன்ற கூரை மரங்கள் 18 அங்குலம் விலகியிருக்க வேண்டும், அந்த இடைவெளியைத் தகடால் மூடலாம். கூரையைத் தாண்டி மூன்றடி உயரம். பிளம்பிங்கில் மீந்த பிவிசி பைப்பைப் புகைக்கு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 80 டிகிரிக்கே இளகித் தொங்கும்.

இன்னொன்று, கேஸ் சிலிண்டர். இதே சார்ப்பில் கேஸ் அடுப்பும் வைக்கிற எண்ணம் இருந்தால் விடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து வரும். தரைமட்டத்தில் வாய் திறந்து எரிகிற விறகடுப்பை நோக்கி அது வந்தால் என்ன நடக்கும்? சிலிண்டர் வேறு அறையில் இருக்கட்டும்.

விறகைப் பொறுத்தவரை சவுக்கும் சீமைக்கருவேலும் நன்றாகக் காய்ந்திருந்தால் பொறி குறைவு. மூங்கிலைப் பிளக்காமல் போடாதீர்கள். கணுவுக்குள் அடைபட்ட காற்று வெடித்துக் கங்கைத் தளம் தாண்டி எறியும். கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைக் கட்டைகளை அறுத்து அடுப்புக்கு வைத்தவர்களுக்குத் தெரியும், ஈரத் தென்னை புகையைத்தான் கொடுக்கும். புகைபோக்கிக்குள் தார் மாதிரி படிந்து, பிறகு அதுவே பற்றும். வருஷத்துக்கு இரண்டு முறை குழாயைக் கழற்றித் தட்டுங்கள்.

சாம்பலை அள்ளுவதற்கு மூடி போட்ட இரும்பு வாளி. பிளாஸ்டிக் கூடையிலோ சாக்கிலோ அள்ளி வீட்டோரம் வைத்தால், மறுநாள்கூட உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். உமி எரித்த சாம்பல் இன்னும் மோசம். மேலே ஆறிப்போன சாம்பல் நிறம், உள்ளே நாள்கணக்கில் கனல். குழந்தைகள் கால் வைத்துப் பொசுக்கிக்கொள்வது இதில்தான். தண்ணீர் தெளித்துக் கிளறி, நன்றாக ஆறிய பிறகு தென்னைக்குப் போடுங்கள்.

வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் கட்டினால் சேறு காயவே காயாது. கட்டி முடித்துப் பத்து நாள் நிழலில் ஆறவிட்டு, முதல் மூன்று நாள் நாலு சுள்ளி, கொஞ்சம் கொட்டாங்குச்சி என்று சின்னத் தீயாக மூட்டுங்கள். சந்துகளில் விரிசல் தெரிந்தால் அதே சேற்றைக் குழைத்துத் தேய்த்துவிட்டு, அடுத்த நாள் உலை வைக்கலாம். தளத்தின் ஓரத்தில் ஒரு வாளி மணலும் ஒரு குடம் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். மணல் கங்குக்கு, தண்ணீர் ஆளுக்கு. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீரைத் தொடாமல் தட்டால் மூடுங்கள்.